ஐஸில் ஓட எந்த ஷூ?

கேள்வி, நவம்பர் 9 (வட்டவடை கோவிலூரிலிருந்து ஒரு தம்பி)

அக்கா, ஜனவரி முதல் வாரம் பின்லாந்து போகிறேன், நர்ஸ் வேலைக்கு. இங்கே தினமும் விடியற்காலையில் பழத்தோட்டம் வரை ஓடிவிட்டு வருவேன். அங்கே போனாலும் அதை விட மனசில்லை. எர்ணாகுளத்தில் ஒரு கடையில் வாட்டர்ப்ரூஃப் ட்ரெயில் ஷூ, அதாவது மண் பாதையில் ஓடுகிற ஷூ, காட்டினார்கள். அடியில் ஜீப் டயர் மாதிரி பெரிய பெரிய பட்டன். விலை பதினான்காயிரம். இது ஒன்று இருந்தால் பனி, ஐஸ் எல்லாவற்றிலும் ஓடலாம் என்கிறார் கடைக்காரர். பூண்டு விற்ற காசு கையில் இருக்கிறது. வாங்கிவிடலாமா?

நவம்பர் 9, இரவு

வாங்காதே. பட்டன் பனியைப் பிடிக்கும், ஐஸைப் பிடிக்காது. ஐஸுக்கு உலோகம் வேண்டும். டியூட்டிக்குக் கிளம்புகிறேன், மீதி நாளைக்கு.

நவம்பர் 10

தூங்கி எழுந்து எழுதுகிறேன். நான் ஐந்து குளிர்காலம் பின்லாந்தின் ஔலு நகரத்தில் இருந்தவள். பிறந்தது மூணாறு பக்கம் செண்டுவாரை எஸ்டேட் லயத்தில். உறைபனியை நான் குழந்தையிலிருந்தே பார்த்தவள்தான், அதனால் அங்கே போனபோது பயமே இல்லை. அந்த பயமின்மைதான் என்னைக் கீழே தள்ளியது.

முதல் குளிர்காலம், டிசம்பர் கடைசி. என் காலில் இருந்தது கொச்சியில் வாங்கிய ட்ரெயில் ஷூ, நீ சொல்கிற ரகம்தான். முந்தின நாள் விழுந்த பனியில் அருமையாகப் பிடித்தது. அந்தத் தைரியத்தில் மறுநாள் வேகத்தைக் கூட்டினேன். ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. பஸ் நின்று நின்று கிளம்பும் இடம், பனி நசுங்கி, உருகி, மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடந்திருக்கிறது. அதன் மேல் விரல் கனத்துக்குப் புதுப்பனி மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. கால் வழுக்கியதைக்கூட உணரவில்லை, முழங்கை தரையில் இடித்தபோதுதான் விழுந்திருக்கிறோம் என்று தெரிந்தது. ஆறு வாரம் கட்டு.

ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். புதுப்பனி மணல் மாதிரி. பட்டன் உள்ளே இறங்கும், மிதிக்கும்போது பனி அதைச் சுற்றி இறுகும், அந்த இறுக்கம்தான் பிடிப்பு. ஐஸில் பட்டன் இறங்க வழியே இல்லை, மேலேதான் நிற்கும். பட்டன் பெரிதாகவும் தள்ளித் தள்ளியும் இருந்தால் தரையைத் தொடுகிற ரப்பரே குறைந்துபோகிறது. சேற்றில் நல்ல ஷூ ஐஸில் சாதாரண ஷூவைவிட மோசமாக வழுக்குவது அதனால்தான்.

அடுத்தது ரப்பர். குளிரில் இறுகும் ரப்பர் உண்டு, இறுகாத ரப்பர் உண்டு. பி.வி.சி. சோல் குளிரில் மரக்கட்டையாகிவிடும். நீண்ட நாள் தேயாமலிருக்கக் கெட்டி ரப்பர் போட்ட ஷூவும் கிட்டத்தட்ட அப்படித்தான். இயற்கை ரப்பர் மைனஸ் எழுபது டிகிரியை ஒட்டித்தான் கண்ணாடி போல இறுகும், ஆனால் ஷூ சோலில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் ஒரு வழி சொல்கிறேன். உன்னிடம் இருக்கிற ஷூவை ஒரு பையில் கட்டி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வை. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் பதினெட்டை ஒட்டி இருக்கும், ஔலுவில் ஜனவரியில் அது சர்வசாதாரணம். காலையில் எடுத்து நகத்தால் சோலை அழுத்து, ஷூவை வளைத்துப் பார். நகம் பதியவில்லை, ஷூ வளையவில்லை என்றால் அதைப் போட்டு அங்கே ஓடாதே. உள்ளே இருக்கும் மெத்தைக்கும் இதேதான். ஈ.வி.ஏ. நுரை குளிரில் செங்கல் ஆகும், குதிகால் வலி அங்கிருந்து வரும்.

அப்போ என்ன வாங்குவது? இங்கே எதுவும் வேண்டாம். அங்கே போய் ஆணி பதித்த ஷூ வாங்கு, நஸ்தா என்று சொன்னால் கடையில் எடுத்துத் தருவார்கள். சோலிலேயே ஒரு காலுக்குப் பதினைந்து, பதினாறு சிறிய ஆணி இருக்கும், முனை டங்ஸ்டன் கார்பைடு. நூற்றைம்பது யூரோ சுற்றி ஆகும்.

நவம்பர் 10, சற்று கழித்து

ஃப்ரீசரில் மீன் இருந்தால் முதலில் அம்மாவிடம் கேட்டுக்கொள்.

நவம்பர் 12

தம்பி எழுதியிருக்கிறான், வேலை ஔலுவில் இல்லை, தம்பெரேயில் என்று. முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் தவறு. முந்தாநாள் எழுதியதில் பாதியை மாற்றவேண்டும்.

ஔலு வடக்கே, கடலோரம். அங்கே குளிர் வந்தால் வந்ததுதான், பனி காய்ந்து, மிதிக்கையில் கறுக் கறுக் என்று சத்தம் போடும். மைனஸ் பதினைந்தில் மிதிபட்டு இறுகிய பனி கிட்டத்தட்டத் தார் ரோடு மாதிரி நம்பிக்கையானது. தம்பெரே தெற்கே இருக்கிறது, இரண்டு ஏரிகளுக்கு நடுவில். அங்கே ஜனவரியிலும் சில நாள் பூஜ்யத்துக்கு மேலே போகும், மழைகூடப் பெய்யும், ராத்திரி மறுபடி உறையும். பூஜ்யத்தை ஒட்டிய ஐஸில் மேலே தண்ணீர்ப் படலம் நிற்கும், எண்ணெய் தடவிய தகரம் மாதிரி. குளிர் குறைந்த ஊர் என்று நிம்மதிப்படாதே, வழுக்குவதில் அதுதான் மோசம்.

ஒன்று நல்லது. நடைபாதைகளில் உடைத்த சிறு ஜல்லியைத் தூவுவார்கள். தூவின அன்றைக்கு எந்த ஷூவும் ஓடும். மறுநாள் பனி பெய்து ஜல்லியை மூடும், அதற்கடுத்த நாள் உருகி உறைந்து ஜல்லி ஐஸுக்குள் புதைந்துவிடும். ஒரே பாதையில் ஒரே வாரத்தில் தரை நான்கு விதமாக மாறும். ஆகவே சோலோடு சேர்ந்த ஆணி ஷூ உனக்கு முதல் தேவையில்லை. கழற்றி மாட்டுகிற ஆணிப் பட்டை வாங்கு. சாதாரண ஷூவின் மேல் மாட்டுவது, ஜேபியில் போட்டுக்கொண்டு போகலாம். ஐஸ் வந்தால் மாட்டு, ஜல்லி வந்தால் கழற்று.

இன்னொரு விஷயம், ஷூவுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும், ஆனால் இருக்கிறது. தம்பெரேக்குப் பக்கத்து ஊர் பெயர் நோக்கியா. போன் கம்பெனிக்குப் பெயர் வந்தது அந்த ஊரிலிருந்துதான். அந்தக் கம்பெனியின் குடும்பத்தில் ரப்பர் பூட்ஸும் டயரும் செய்தார்கள். பனிக்கென்றே செய்த உலகின் முதல் டயர் 1934-ல் அவர்கள் போட்டது, லாரிக்காக. அந்த ஊரில் குளிர்காலத்துக்கு வண்டி டயரை மாற்றுவது பண்டிகைக்கு வெள்ளையடிப்பது மாதிரி, எல்லா வீட்டிலும் நடக்கும். ஆணி பதித்த டயரும் உண்டு. டிரைவருக்குத் தெரிந்ததை நாம் காலுக்குச் செய்யாமல் விடுகிறோம்.

நவம்பர் 16

ஆணிப் பட்டையில் எது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

மூன்று ரகம் உண்டு: ஸ்பிரிங் சுற்றியது, சங்கிலியில் ஒரு சென்டிமீட்டர் கூர்முனை வைத்தது, ரப்பர் பட்டையில் குட்டி கார்பைடு ஆணி வைத்தது. ஸ்பிரிங் நடக்க நல்லது, மிதிபட்ட பனியில் பிடிக்கும், சுத்தமான கெட்டி ஐஸில் வழுக்கிவிடும். சங்கிலி மலை ஏற. அதை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓடினால் கூழாங்கல் மேல் ஓடுகிற மாதிரி பாதம் வலிக்கும். ஓடுவதற்கு மூன்றாவதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனி. நான் வாங்கிய முதல் பட்டை இரண்டாவது மாதமே அறுந்தது. மைனஸ் இருபத்திரண்டில், வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி. மாட்டும் ரப்பர் குளிரில் இறுகி, குதிகால் பக்கம் விரிசல் விட்டுப் பட்டென்று போனது. ஒரு காலில் ஆணி, ஒரு காலில் இல்லை. அப்படி ஓடினால் இடுப்பு திருகிக்கொள்ளும், அதனால் இரண்டையும் கழற்றிவிட்டு, ரோட்டோரம் மிதிபடாத பனியில் கணுக்கால் புதையப் புதைய நடந்தே வந்தேன். வாங்கும்போது பட்டையை இழுத்து, குதிகால் பக்கம் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பார். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் பார்.

நவம்பர் 17

அளவு மறந்துவிட்டேன். ஷூ அரை சைஸ் பெரிதாக எடு. கம்பளிச் சாக்ஸ் ஒன்று போதும், மெரினோ கம்பளி கிடைத்தால் நல்லது. குளிருகிறதே என்று இரண்டு சாக்ஸ் போட்டு அதே ஷூவுக்குள் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிட்டுப் போகும். பருத்திச் சாக்ஸ் கூடவே கூடாது, வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நவம்பர் 24

வாட்டர்ப்ரூஃப் பற்றி. முதல் நாள் "வாங்காதே" என்று ஒரே அடியாகச் சொன்னேன். அதில் வாட்டர்ப்ரூஃப்பையும் சேர்த்துத் தள்ளிவிட்டதாகப் படித்தவர்கள் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நானே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் அனுபவம் ஔலுவின் காய்ந்த பனி. அங்கே தண்ணீரே இல்லை, பனி ஷூவில் ஒட்டாமல் உதிரும். வாட்டர்ப்ரூஃப் சவ்வு இருந்த ஷூவில் வேர்வை வெளியேறாமல் முக்கால் மணி நேரத்தில் சாக்ஸ் ஈரமானது, நின்றதும் அந்த ஈரம் சில்லிட்டது. அதனால் வலைத்துணி ஷூவையே போட்டு, விரல் பக்கத்து வலையின் மேல் மட்டும் அகலமான டேப் ஒட்டிக்கொள்வேன், காற்று உள்ளே போகாமல். அது எனக்குப் பொருந்தியது.

தம்பெரேயில் பாதி நாள் சொதசொதவென்று உருகின பனி. கணுக்கால் ஆழத்துக்குக் குட்டை நிற்கும் நாள் தவிர மற்ற நாளில் சவ்வு உதவும். குட்டை ஆழமாகி மேல்வழியே தண்ணீர் உள்ளே போய்விட்டால் அந்தச் சவ்வே வாளியாகிவிடும், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. ஆக தம்பெரேக்கு வாட்டர்ப்ரூஃப் சரி, கணுக்காலை மூடும் துணி உறையோடு. நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். எர்ணாகுளத்து ஷூவை நான் இன்னும் வேண்டாம் என்பது பட்டனுக்காகவும், கடைக்காரர் ஐஸிலும் ஓடலாம் என்று சொன்ன வார்த்தைக்காகவும்தான்.

காயவைப்பது: உள்ளே பழைய நியூஸ் பேப்பரைத் திணி, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு வேறு பேப்பர் திணி. ஹீட்டர் மேல் வைக்காதே. எங்கள் அப்பா மழைக்காலத்தில் கம்பூட்டை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார், இரண்டு சீசனில் அடி பிளந்துவிடும். பசை சூடு தாங்காது.

நவம்பர் 30

அடிமாலியிலிருந்து ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: இத்தனை யூரோ எதற்கு, பழைய ஷூவில் ஸ்க்ரூ அடித்தால் ஆகாதா?

ஆகும். அங்கேயும் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். தகரத்தில் அடிக்கும் ஸ்க்ரூ, தலை அறுகோணமாக இருக்க வேண்டும், நீளம் மூன்றெட்டாம் இன்ச். தலை வெளியே இருக்க, முனை சோலுக்குள் போகும்படி திருக வேண்டும், தலையின் விளிம்புதான் ஐஸைக் கடிக்கும். பாதத்தின் ஓரத்தைச் சுற்றி, பெருவிரலுக்குக் கீழே, குதிகால் ஓரம். ஒரு காலுக்குப் பன்னிரண்டு வரை. காற்றுப் பை வைத்த ஷூவில் அடிக்காதே. அடித்ததும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார், முனை தட்டுப்பட்டால் அந்த ஸ்க்ரூவைக் கழற்று.

குறை என்னவென்றால் சாதா இரும்பு ஸ்க்ரூ தார் ரோட்டில் சில வாரத்தில் மொட்டை டயர் ஆகிவிடும். ஆனால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். காசு இல்லாத முதல் மாதத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தம்பி, அவர் கடையில் ஐம்பது ஸ்க்ரூ வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொள். கைப்பையில் வைக்காதே, ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள்.

டிசம்பர் 8

நேற்று எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு குழந்தைக்குக் கால்விரல் சிவந்து வீங்கி, அரிப்பு. செருப்பு மட்டும் போட்டு ஈரப் புல்லில் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் பாட்டி விரலைத் தணலில் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் இதேதான் நடந்தது, என் பாட்டியும் இதையேதான் செய்தார், அதனால்தான் வீக்கம் போகவே போகாது. சில்லிட்ட காலைத் திடீரென்று நெருப்பில் காட்டக் கூடாது. துடைத்து, உலர்ந்த கம்பளி சுற்றி, மெதுவாகச் சூடேற விடவேண்டும்.

ஓடுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஓடும்போது விரல் வலித்தால் பரவாயில்லை, வலி நின்று மரத்துப்போனால் உடனே திரும்பு. வீட்டுக்குள் வந்து பார்க்கும்போது விரல் வெள்ளையாக, மெழுகு மாதிரி, தொட்டால் தெரியாமல் இருந்தால் தேய்க்காதே. பனியால் தேய்ப்பது சுத்தத் தவறு. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், அரை மணி நேரம் வை, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போ. திரும்பவும் குளிரில் நடக்க வேண்டியிருந்தால் சூடேற்றாதே, உருகி மறுபடி உறைவது இன்னும் கெடுதி. நர்சாகப் போகிறவனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

டிசம்பர் 21

இன்று காலை செண்டுவாரையில் புல் வெளுத்துக் கிடந்தது. கொழுந்து கருகும் என்று எல்லாருக்கும் கவலை.

நான் ஊர் திரும்பும்போது ஆணி ஷூவையும் கொண்டுவந்தேன், நம் ஊர் உறைபனிக்கு ஆகும் என்று. நண்பர்களுக்கும் அப்படியே சொல்லி வந்திருக்கிறேன். இன்று அதைப் போட்டு ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன். தப்பு. நம்மூர் உறைபனி புல்லிலும் கொழுந்திலும்தான், தார் ரோட்டில் இல்லை, மெல்லிய பூச்சு மாதிரி, வெயில் பட்டதும் போய்விடும். ஐந்து கிலோமீட்டரும் ஆணி தாரில் டக் டக் என்று இடித்ததுதான் மிச்சம். வழுக்கின இடம் ஒன்றே ஒன்று, ஓடை மேல் போட்ட பலகைப் பாலம். அடியிலும் காற்று போவதால் பலகை தரையைவிடச் சீக்கிரம் உறைகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஓடைக்கரைச் சதுப்பு வெள்ளை, ஐம்பதடி மேலே பச்சை. காலையில் ஓடுகிறவர்கள் சரிவுப் பாதையில் ஓடினால் போதும்.

மூணாறில் ஆளைக் கீழே தள்ளுவது ஜூன், ஜூலை மழையில் ரோட்டோரம் படரும் பாசி. அதற்கு ஆணியும் வேண்டாம், பெரிய பட்டனும் வேண்டாம். மிருதுவான ரப்பர், சின்னச் சின்ன நெருக்கமான பட்டன். ரத்தம் குடிக்கும் அட்டைக்கு என்ன செய்வது என்று கேட்காதீர்கள், முழங்கால் வரை சாக்ஸும் உப்பும்தான், அதற்கு ஷூ இன்னும் யாரும் செய்யவில்லை.

டிசம்பர் 23

லடாக்கில் உறைந்த ஏரி மேல் ஓடுவது பற்றிக் கேட்டவருக்கு: பாங்காங் ஏரி மேலே 2023 பிப்ரவரியில் 21 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தினார்கள், 4,200 மீட்டருக்கு மேல் உயரம். உப்புத் தண்ணீர் ஏரிதான், ஆனாலும் உறைகிறது. நான் அங்கே ஓடியதில்லை. ஔலுவில் உறைந்த கடல் மேல் ஓடியிருக்கிறேன், அங்கே காற்று பனியை அடித்துக்கொண்டு போய் வெறும் ஐஸ் பளபளக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஆணி இல்லாமல் இறங்காதீர்கள். உயரத்துக்கு மூச்சைப் பழக்குவது வேறு கதை, அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஜனவரி 3

தம்பி நாளைக்கு விமானம். தம்பெரேயில் ஜனவரியில் பகல் ஆறு, ஏழு மணி நேரம்தான், நீ ஓடப்போவது இருட்டில். அங்கே இருட்டில் நடப்பவர்கள் ஒளி பட்டால் மின்னும் வில்லையைக் கோட்டில் தொங்கவிடுவார்கள், சட்டமும் அப்படித்தான். தலையில் மாட்டும் டார்ச்சும் வாங்கு. வெறும் ஐஸ் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், பனி அப்படிப் பளபளக்காது, கால் வைக்குமுன் வித்தியாசம் தெரியும்.

ஜனவரி 19

தம்பியின் முதல் கடிதம். ஆணிப் பட்டை இருபத்தெட்டு யூரோவுக்கு வாங்கியிருக்கிறான், ஏரிக்கரையில் ஆறு கிலோமீட்டர் ஓடினானாம். பிடிக்கிறது, ஆனால் தொடை பின்பக்கம் பிடித்துக்கொண்டது என்கிறான்.

எட்டி எட்டி வைக்கிறாய், அதான். பழத்தோட்டம் இறக்கத்தில் ஓடுகிற பழக்கம். குதிகாலை முன்னால் நீட்டி வைத்தால் ஆணி இருந்தாலும் கால் முன்னால் வழுக்கப் பார்க்கும், அதைத் தடுக்கத் தொடை இறுகும். சின்ன அடி, கால் இடுப்புக்கு நேர் கீழே விழவேண்டும், பாதம் தட்டையாக. தலையில் கொழுந்து மூட்டையோடு ஈரப் படியில் இறங்குகிற அக்காமார்களை நினைத்துக்கொள், அவர்கள் யாரும் எட்டி வைப்பதில்லை.

பிப்ரவரி 11

தம்பி விழுந்துவிட்டான். ஐஸில் இல்லை, சூப்பர் மார்க்கெட் டைல்ஸில். ஓடிவிட்டு அப்படியே பட்டையோடு பால் வாங்க உள்ளே போயிருக்கிறான். கார்பைடு ஆணி டைல்ஸில் கண்ணாடி மேல் கண்ணாடி மாதிரி. முழங்கால் சிராய்ப்புதான், வேறொன்றும் இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

கடை, பஸ் படி, ஆஸ்பத்திரி வாசல், எல்லா இடத்திலும் வெளியிலேயே கழற்று. கழற்ற ஒரு கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கும், சோம்பேறித்தனம் வரும், தெரியும். வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்துச் சாவியோடு சேர்த்துப் பட்டையைத் தொங்கவிடு. ஸ்க்ரூ அடித்த ஷூவை மட்டும் ஏரிக்கரைக்கு வைத்துக்கொள். மார்ச் கடைசியில் உருகும்போது மறுபடி எழுது, அந்த மாதத்துக் குட்டைகளுக்கு வேறு ஏற்பாடு.